கொடியில் தைத்த ஊர்கள்

தாமலிலிருந்து ஆற்காட்டுக்கு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வந்தவாசிக்குப் போவதென்றால் காஞ்சிபுரத்தில் பஸ் மாற வேண்டும். சோளிங்கருக்கு மலை ஏறப் போகிறவர்கள் கூட்டமாக வேன் பேசிக்கொண்டு போவார்கள். எல்லாம் எங்கள் ஊரைச் சுற்றிக் காக்கா பறக்கிற தூரத்தில் 40, 45 கிலோமீட்டருக்குள் இருப்பவை. கல்யாணம், காது குத்து, மாடு வாங்குவது என்று யாராவது ஒருவர் எப்போதும் போய் வந்துகொண்டிருக்கிற ஊர்கள். இந்த மூன்று ஊர்ப் பெயர்களும் ஓர் ஐரிஷ் காலாட்படையின் போர் மரியாதைகளாகி, அதன் கொடியோடு 1922இல் இங்கிலாந்து மன்னரின் வின்ட்சர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தன.

படையின் பெயர் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ். டப்ளின் எங்கே, வந்தவாசி எங்கே என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்தப் படை பிறந்தது மெட்ராஸில். 1748இல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்கிற மேஜர், புனித ஜார்ஜ் கோட்டையின் உதிரி வெள்ளைக்காரச் சிப்பாய்களை ஒன்று சேர்த்து உருவாக்கிய மெட்ராஸ் ஐரோப்பியப் படைதான் அது. பெயர் மாறி மாறி, 1881இல் டப்ளின் பெயரைச் சூடிக்கொண்டது. பெயர் மாறினாலும் ஜெயித்த ஊர்களின் பட்டியலை யாரும் கழற்றவில்லை. ஆகவே டப்ளின் பையன்கள் ‘ஆற்காட்’, ‘வான்டிவாஷ்’, ‘ஷோலிங்கர்’ என்று எழுதிய கொடிக்குக் கீழே நின்றார்கள். தொப்பி வில்லையில் ஒரு புலியும் ஒரு யானையும் இருந்தன. புலி வங்காளத்திலிருந்து, யானை நம்ம பக்கத்திலிருந்து.

பட்டியலில் இல்லாத நாலாவது ஊர் ஒன்று உண்டு. புள்ளலூர். நான் சொன்ன ஊர்களிலேயே எங்களுக்கு மிகக் கிட்ட இருப்பது அதுதான்.

*

படைக்கொடி என்றால் என்ன என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது பெரியப்பா. அவர் மெட்ராஸ் ரெஜிமென்டின் நாலாவது பட்டாலியனில் 17 வருஷம் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவர். அந்தப் பட்டாலியனுக்கு இன்னொரு பெயர் இருக்கிறது: வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி. ஆமாம், நம்ம வாலாஜாபாத்தான். காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே, பாலாற்றங்கரையில், இன்றைக்கு ரயில் நிலையமும் மார்க்கெட்டுமாக இருக்கிற அதே ஊர். மேற்கே இருக்கிற வாலாஜாபேட்டையோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பஸ்ஸில் அந்தத் தப்பைச் செய்து எதிர்த்திசையில் போய் இறங்கியவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். நவாப் வாலாஜாவின் பெயரில் அமைந்த அந்த ஊர் ஒரு காலத்தில் கம்பெனியின் பெரிய தண்டு. 1794இல் 33வது மெட்ராஸ் பட்டாலியன் என்று தொடங்கிய படை பின்னால் அந்த ஊர்ப் பெயரைச் சூடிக்கொண்டது. 1903இல் அது 83வது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி. 1922இல் மூன்றாவது மெட்ராஸ் ரெஜிமென்டின் நாலாவது பட்டாலியன்.

பெரியப்பாவிடம் நான் ‘கொடி’ என்று சொன்னால் கோபம் வரும்.

“கொடின்றது கட்சிக்காரன் கட்றது பாப்பா. இது நிஷான்.”

நிஷான் முன்னால் நிற்கும்போது செருப்பு, சிகரெட், சிரிப்பு எதுவும் கிடையாது. அதைத் தூக்கிக்கொண்டு போகிற அணிக்கு நிஷான் டோலி என்று பெயர். அணிவகுப்பில் அது வரும்போது அதிகாரிகளே சல்யூட் அடிப்பார்கள். “கர்னல் யாருக்கு அடிக்கிறாருன்னு நெனச்ச? துணிக்கா? அதுக்குக் கீழ செத்தவனுக்கு.”

பழைய போர்களில் இதற்கு நடைமுறைக் காரணம் இருந்தது. கருமருந்துத் துப்பாக்கி நாலு தடவை சுட்டால் மைதானமே புகை. எந்தப் பக்கம் நம் ஆள், எந்தப் பக்கம் எதிரி என்று தெரியாது. உயரத்தில் தெரிகிற பட்டுத் துணிதான் “இங்கே வந்து சேர்” என்று சொல்லும். அதைத் தூக்கிப் பிடிப்பவன் எதிரியின் முதல் குறி என்பது எல்லோருக்கும் தெரியும். கொடி எதிரி கையில் போனால் படைக்கே மானக்கேடு. பிரிட்டிஷ்காரர்கள் கடைசியாகக் கொடியைப் போருக்குள் எடுத்துப் போனது 1881இல், தென்னாப்பிரிக்காவில். துப்பாக்கி நெடுந்தூரம் சுட ஆரம்பித்தபிறகு கொடி பிடிப்பது தற்கொலைக்குச் சமம் ஆகிவிட்டது. அதற்குள் கொடியும் சின்னதாகிவிட்டது. 1868க்குப் பிறகு மூன்றே முக்கால் அடிக்கு மூன்று அடி. ஒரு புடவையின் அகலம்கூட இல்லை. அந்த இடத்துக்குள் நூற்றைம்பது வருஷத்து ஊர்ப் பெயர்களை நெருக்கிப் போட்டுத் தைத்தார்கள்.

எந்த ஊர்ப் பெயர் தைக்கப்படும் என்பதைப் போர்க்களத்தில் முடிவு செய்வதில்லை. அது ஆபீஸ் வேலை. போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்துக்கூட, யார் எந்தப் போரில் இருந்தார்கள் என்று ஃபைல் பார்த்து, அரசாங்கம் ஓர் உத்தரவு போடும். இந்த இந்தப் படை இந்த ஊரின் பெயரைச் சுமக்கலாம். முதியோர் பென்ஷனுக்குத் தாலுகா ஆபீஸில் மனு போடுவதிலிருந்து இது அவ்வளவு தூரம் இல்லை. யாரிடம் ஃபைல் இருக்கிறதோ அவருக்குக் கிடைக்கும்.

*

ஆற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1751இல் ராபர்ட் கிளைவ் மெட்ராஸிலிருந்து சுமார் 200 ஐரோப்பியர்களும் 300 இந்தியச் சிப்பாய்களுமாகப் புறப்பட்டு வந்து ஆற்காட்டுக் கோட்டைக்குள் புகுந்துகொண்டார். போகிற வழி காஞ்சிபுரம்தான். சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிப் வந்து கோட்டையை வளைத்தார். 50 நாள் முற்றுகை. உள்ளே அரிசி குறைந்துகொண்டே வருகிறது. அப்போது சிப்பாய்கள் கிளைவிடம் வந்து, “சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும்” என்று சொன்னதாக ஒரு கதை. மெக்காலே கிளைவைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதைச் சொல்லி உருகுகிறார். அங்கிருந்து கிளம்பி இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகள் வரைக்கும் பரவிய கதை. நடந்ததா என்று சந்தேகப்படுகிற வரலாற்றாசிரியர்கள் உண்டு.

பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் உருகவில்லை. “கஞ்சியிலதான் சத்தே இருக்குது. சோத்தக் குடுத்துட்டுக் கஞ்சியக் குடிச்சவன் புத்திசாலி.”

எனக்கு அந்தக் கதையில் உறுத்துவது வேறு. சிப்பாய்களின் விசுவாசம் கதையாக நிற்கிறது. ஒரு சிப்பாயின் பெயர்கூட அந்தக் கதையில் இல்லை. ‘ஆற்காடு’ என்கிற போர் மரியாதையைப் பெற்றது ஒரே ஒரு படை, அந்த மெட்ராஸ் ஐரோப்பியப் படை மட்டும். காரணம் எளிமையானது. 1751இல் சிப்பாய்களுக்கென்று ஒழுங்கான பட்டாலியன் கிடையாது. ஏழெட்டு வருஷம் கழித்துத்தான் கம்பெனி அவர்களைப் பட்டாலியன்களாக அடுக்கியது. ஆகவே அந்த 300 பேருக்கு வாரிசு இல்லை. வாரிசு இல்லாதவர்களுக்கு மனு போட யார் இருக்கிறார்கள்?

வந்தவாசியும் அப்படித்தான். 1760 ஜனவரி 22, அயர் கூட்டும் லாலியும் மோதிய போர். அதோடு தென்னாட்டில் பிரெஞ்சுக்காரர்கள் கதை ஏறக்குறைய முடிந்தது. ஆங்கிலேயப் பக்கத்திலும் பிரெஞ்சுப் பக்கத்திலும் சிப்பாய்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வருஷத்தை மனப்பாடம் செய்தோம்; வந்தவாசிக்காரர்கள் யாராவது அதில் செத்தார்களா என்று எந்த டீச்சரையும் நாங்கள் கேட்கவில்லை.

இந்த மெட்ராஸ் ஐரோப்பியப் படையின் கதை அதற்குப் பிறகு எங்கெங்கோ போகிறது. 1857இல் ஜேம்ஸ் நீல் இதைக் கூட்டிக்கொண்டு அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் போனார். அங்கே அவர் தூக்கில் போட்டவர்களுக்குக் கணக்கில்லை. லக்னோவில் குண்டடிபட்டுச் செத்தார். கொடியில் ‘லக்னோ’ ஏறியது. மவுண்ட் ரோட்டில் நீலுக்குச் சிலை வந்தது. 1927இல் அந்தச் சிலையை எடுக்கச் சொல்லிப் பெரிய போராட்டம் நடந்தது. சுத்தியலோடு போனவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். 1937இல் ராஜாஜியின் அமைச்சரவை வந்தபிறகுதான் அதைக் கழற்றி எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். 1915 ஏப்ரல் 25 அன்று கலிபோலிக் கடற்கரையில் அதே படையின் டப்ளின் பையன்கள் படகிலிருந்து இறங்குவதற்குள் கொத்துக்கொத்தாகச் சுடப்பட்டார்கள். ஏழு வருஷத்தில் அவர்கள் ஊரே தனி நாடு ஆகிக்கொண்டிருந்தது. தெற்கு அயர்லாந்தின் படைகளைக் கலைத்தார்கள். 1922 ஜூன் 12 அன்று வின்ட்சர் கோட்டையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அந்தக் கொடிகளை வாங்கிப் பத்திரமாக வைப்பதாகச் சொன்னார்.

சுதந்திரம் கேட்டவர்கள் பக்கமும் சேர முடியாமல், தோற்றுப்போகாமலே கலைந்த ஒரு படை. அந்தப் பையன்களின் மேல் எனக்கு ஏனோ ஒரு பரிதாபம் இருக்கிறது.

*

புள்ளலூருக்கு ஒரு மாட்டுப் பொங்கல் அன்று சித்தி மகனோடு ஸ்கூட்டியில் போனேன். வயல், வரப்பு, வேலிகாத்தான். கேட்டுக் கேட்டுப் போனால் இரண்டு கூம்புத் தூண்கள். ஒன்று கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப்புக்கு, மற்றது லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுனுக்கு. இருவரும் 1781 ஆகஸ்ட் 27 அன்று இங்கே செத்தவர்கள். அது இந்த ஊரில் நடந்த இரண்டாவது சண்டை. முதல் சண்டைக்குக் கல் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

(ஊருக்கு அது முதல் சண்டைகூட இல்லை. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மனும் சாளுக்கியப் புலிகேசியும் மோதிய இடமாகவும் இதே புள்ளலூரைச் சொல்வார்கள். பாவப்பட்ட ஊர்.)

1780 செப்டம்பர் 10. ஹைதர் அலியின் படை அப்போது கர்நாடகம் முழுவதும் பரவியிருந்தது. குண்டூரிலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி சுமார் 3,800 பேரோடு தெற்கே வருகிறார். காஞ்சிபுரத்தில் ஹெக்டர் மன்றோ பெரிய படையோடு காத்திருக்கிறார். வழியில் கொசஸ்தலையாற்றில் வெள்ளம், அதில் நாள்கள் போயின. கடைசியில் பெய்லி புள்ளலூர் வரைக்கும் வந்துவிட்டார். காஞ்சிபுரம் அங்கிருந்து அரை நாள் நடைகூட இல்லை. அங்கே திப்பு வளைத்துக்கொண்டார், பின்னாலேயே ஹைதரும் வந்து சேர்ந்தார். மைசூர்க்காரர்களின் ராக்கெட்டுகள் பாய்ந்தன. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. படை முழுவதும் அழிந்தது அல்லது பிடிபட்டது. மன்றோவுக்கு வெடிச் சத்தம் கேட்டது, போய்ச் சேரவில்லை. தன் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்தில் ஒரு குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் செத்தார்.

இந்தியாவில் கம்பெனி அதுவரைக்கும் கண்ட தோல்விகளில் இதுதான் மோசமானது. அதனால் எந்தக் கொடியிலும் புள்ளலூர் இல்லை. ஒரு வருஷம் கழித்து, 1781 செப்டம்பர் 27 அன்று கூட் ஹைதரை ஜெயித்த சோளிங்கர் இருக்கிறது. கொடி என்பது ஜெயித்த ஊர்களின் பட்டியல் மட்டும்தான்.

தோற்றதைத் தைக்காதவர்கள் ஒரு பக்கம் என்றால், ஜெயித்ததைச் சுவரில் எழுதியவர் இன்னொரு பக்கம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் பாக் மாளிகையின் சுவர் நெடுக இந்தப் போரைத் திப்பு வரையச் சொன்னார். பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடிக்கிறார். சுற்றிலும் சிவப்புச் சட்டைப் படை சதுரமாக நிற்கிறது. நடுவே வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. அந்த ஓவியத்தின் காகிதப் பிரதி ஒன்று 2022இல் லண்டனில் 6,30,000 பவுண்டுக்கு ஏலம் போனது. நான் அந்தச் சுவர் முன்னால் நின்றபோது தேடியது பெய்லியை இல்லை. சதுரத்தில் நிற்கிற சிவப்புச் சட்டைகளில் கறுத்த முகங்களைத் தேடினேன். பெய்லியின் 3,800 பேரில் பெரும்பங்கு சிப்பாய்கள். ஹைதர் படையிலும் நம்மவர்களே. சுவரில் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி வரிசையாக இருக்கிறார்கள்.

புள்ளலூர்த் தூணின் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது சித்தி மகன் கேட்டான். “நம்மாளுங்க எந்தப் பக்கம்க்கா?”

*

கேள்விக்கு என்னிடம் பாதி பதில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு மெட்ராஸ் படையின் சிப்பாய்களில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். எங்கள் தெரு ஊருக்குக் கிழக்கே ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாத ஒருவனுக்குக் கம்பெனி பூட்ஸ் கொடுத்தது. மாசம் பிறந்தால் சம்பளம். இதைப் படித்துவிட்டு எந்தப் பக்கம் என்று கேட்பவர்களுக்கு நான் சட்டென்று பதில் சொல்ல மாட்டேன்.

பிறகு அந்தக் கதவும் மூடிக்கொண்டது. 1881 முதல் 1885 வரைக்கும் மெட்ராஸ் படைக்குத் தலைவராக இருந்த ஃபிரடெரிக் ராபர்ட்ஸ், தென்னாட்டானுக்குப் போர்க்குணம் இல்லை என்று முடிவு கட்டினார். வடக்கே சீக்கியர், கூர்க்கா, பட்டாணியர் ‘வீரக் குலங்கள்’. தெற்கே இருப்பவர்கள் லாயக்கில்லாதவர்கள். ஆற்காட்டில் கஞ்சி குடித்தவனின் பேரனுக்குப் பேரன் கோழை ஆகிவிட்டான். பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. 1922இல் மிச்சமிருந்தவற்றைச் சேர்த்து மூன்றாவது மெட்ராஸ் ரெஜிமென்ட் என்று பெயர் வைத்தார்கள். கொஞ்ச வருஷத்தில் அதன் பட்டாலியன்களையும் கலைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ஆள் பற்றாமல் போனபிறகுதான் மெட்ராஸ் ரெஜிமென்ட் திரும்பவும் எழுந்தது. பெரியப்பா வெலிங்டன் மைதானத்தில் ‘வீர மதராசி, அடி கொல்லு அடி கொல்லு’ என்று தொண்டை கிழியக் கத்தியதற்குப் பின்னால் இப்படி ஒரு அவமானமும் இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு கொடிகளுக்கு இன்னொரு கணக்குத் தீர்ப்பு நடந்தது. 1950 நவம்பர் 23 அன்று, இந்தியப் படைகள் வைத்திருந்த மன்னரின் கொடிகளை டேராடூன் ராணுவ அகாடமியின் செட்வுட் மண்டபத்தில் மரியாதையாக இறக்கி வைத்தார்கள். குடியரசுத் தலைவரின் கொடி வந்தது. இந்தியர்களையே எதிர்த்து ஜெயித்த போர்களின் பெயர்களை ராணுவம் தனியே பிரித்து, ‘அருவருக்கத்தக்கவை’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் வகைப்படுத்தி, இனிச் சுமக்கக் கூடாது என்றது. கர்நாடகம், சோளிங்கர், மைசூர், ஸ்ரீரங்கப்பட்டணம், அசாயே எல்லாம் அந்தப் பட்டியலில் போயின. வேடிக்கை என்னவென்றால் மெட்ராஸ் ரெஜிமென்டின் வில்லையில் இன்றைக்கும் இருக்கிற யானை, 1803இல் மராத்தியர்களை ஜெயித்த அசாயேயின் யானைதான். பெயர் போய்விட்டது, யானை போகவில்லை.

அந்தப் பெயர்களைக் கொடியிலிருந்து எடுத்தது சரி என்றுதான் நினைக்கிறேன். திப்புவை ஜெயித்ததைக் குடியரசு கொண்டாட முடியாது. ஆனால் எனக்கு ஒரு கணக்கு இடிக்கிறது. ஜெயித்தபோது பெயர் வெள்ளைக்காரப் படைக்குப் போனது. அது பெருமையாக இருந்த காலம் முழுவதும் சிப்பாய்க்கு அதில் பங்கு கொஞ்சம்தான். அவனுடைய முறை வரும்போது அதையே அவமானம் என்று மடித்து உள்ளே வைத்துவிட்டோம். பெருமையிலும் அவன் பெயர் இல்லை, வெட்கத்திலும் இல்லை.

மகாராஷ்டிரத்தில் இதே கதை வேறு மாதிரி போனது. புனேவுக்குப் பக்கத்தில் கோரேகான் தூணில், 1818 ஜனவரி 1 சண்டையில் செத்த கம்பெனிச் சிப்பாய்களின் பெயர்களைச் செதுக்கினார்கள். 49 பெயர்கள், ‘நாக்’ என்று முடிகிற 22 பெயர்கள் மகார்களுடையவை. 1927இல் அம்பேத்கர் அங்கே போய் நின்றார். இன்றைக்கும் ஒவ்வொரு ஜனவரி ஒன்றாம் தேதியும் லட்சக்கணக்கில் ஜனம் போகிறது. ராணுவத்தின் கணக்கில் கோரேகானும் சுமக்கக் கூடாத பெயர்தான். அந்த ஜனத்திடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். கல்லில் பெயர் இருந்ததால் அவர்களுக்குப் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது. புள்ளலூர்த் தூணில் ஹிஸ்லாப்பும் பிரவுனும் மட்டும்.

*

அம்மா காஞ்சிபுரத்தில் பத்து வருஷம் தார் சுற்றினாள். பட்டு பற்றி அவளிடம் கேட்டால் ஒரே வரியில் முடிப்பாள்: “பட்டு மடிப்புலதான் நையும்.” அதனால் பீரோவில் இருக்கிற ஒரே கல்யாணப் புடவையை ஆறு மாசத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் உதறி, மடிப்பை மாற்றி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைப்பாள். ஜரிகை உள்பக்கம் வரக் கூடாது. கனமான ஜரிகை, மெல்லிய பட்டு. இரண்டும் சேர்கிற இடத்தில்தான் முதலில் இழை விடும்.

படைக்கொடிகளைப் பராமரிப்பவர்கள் சொல்வதும் இதேதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறார்கள். வெளிச்சம் பட்டால் பட்டு வெளிறும், பிறகு மொறுமொறுவென்று ஆகும். ஈரம் ஏறினால் பூஞ்சை. எடை கூட்டுவதற்காக உலோக உப்பில் ஊறவைத்த பட்டாக இருந்தால் தானாகவே கீறல் கீறலாகக் கிழியும். பழைய வழக்கப்படி ஓய்வுபெற்ற கொடியை எரிக்கவோ எறியவோ மாட்டார்கள். தேவாலயத்தில் கம்போடு தொங்க விடுவார்கள், தானாக இற்று விழும் வரைக்கும். தொங்குகிற கொடியில் துணியைக் கீழே இழுப்பது கனமான தையல்தான். அதாவது ஊர்ப் பெயர்கள். இப்போது அருங்காட்சியகங்களில் அதைக் கிடத்தி, மெல்லிய வலைத்துணியில் தாங்கலாகத் தைத்து, மங்கிய வெளிச்சத்தில் வைக்கிறார்கள்.

வின்ட்சருக்குப் போய்ப் பார்க்க என்னிடம் காசில்லை. போன வருஷம் பெரியப்பாவைச் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். கண் ஆபரேஷனுக்குச் சென்னை வந்திருந்தார், மறுபரிசோதனைக்கு இரண்டு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதைப் பார்த்து வியாழக்கிழமை போனோம். தலைமைச் செயலகம் இருக்கிற வளாகம் என்பதால் வாசலில் சோதனை. பெரியப்பா தன் முன்னாள் படைவீரர் அட்டையை நீட்டினார். அங்கிருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்குப் பிடித்திருந்தது.

1795இல் கட்டிய பழைய வியாபாரக் கூடம் அது. 1948இல் அருங்காட்சியகம் ஆனது. பீரங்கிக் குண்டுகள், பீங்கான் தட்டுகள், கவர்னர்களின் ஆளுயரப் படங்கள். பெரியப்பா எதன் முன்னாலும் நிற்கவில்லை, நேராகப் போனார். அவர் பார்க்க வந்தது ஒன்றே ஒன்று. 1947 ஆகஸ்ட் 15 அன்று காலை 5.05 மணிக்கு இந்தக் கோட்டையில் ஏற்றிய மூவர்ணக்கொடி. அசல் பட்டு. மூன்றரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டருக்கு மேல் அகலம். ரொம்ப காலம் உள்ளே இருந்ததை 2013 ஜனவரி 26 முதல்தான் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். காற்றுப் புகாத மரப்பேழை, மேலே கண்ணாடி, ஈரம் உறிஞ்ச ஆறு கிண்ணங்களில் சிலிகா ஜெல். வெளிச்சத்தை அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு நாளில் நாட்டில் எத்தனையோ இடங்களில் ஏறிய கொடிகளில் மிஞ்சியது இது ஒன்றுதான் என்கிறார்கள்.

இந்தக் கொடியில் எந்த ஊர்ப் பெயரும் இல்லை. சக்கரம் மட்டும்.

பெரியப்பா கால்களைச் சேர்த்து நின்றார். ஆபரேஷன் செய்த கண்ணில் கறுப்புக் கண்ணாடி. சல்யூட் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடிக்கவில்லை. தொப்பி இல்லாமல் அடிக்கக் கூடாதாம். ரொம்ப நேரம் நின்றார். பள்ளிப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனது. நான் கிண்ணங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

“மடிச்சி வச்சிருந்தாங்களா இத?” என்றார்.

“தெரியல பெரியப்பா.”

“மடிப்புத் தெரியுது பாரு.” அவர் காட்டிய இடத்தில் ஏதோ ஒரு கோடு தெரிந்தது மாதிரி இருந்தது, கண்ணாடியின் பிரதிபலிப்பாகவும் இருக்கலாம். “உங்கம்மா பாத்தா திட்டுவா.”

வெளியே வரும்போது நாற்காலியில் இருந்த காவலாளியிடம் போய் நின்றார். அவருக்கும் பெரியப்பா வயசுதான் இருக்கும்.

“ஐயா, சாயந்தரம் ஆனா லைட்ட அணைச்சிடுவீங்களா?”

“அஞ்சு மணிக்கு மூடிட்டா எல்லாம் ஆஃப்தான் சார்.”

“ஒண்ணு ரெண்டு கூட எரியாதே?”

“இல்ல சார். இருட்டுதான்.”

“அப்ப சரி,” என்றார் பெரியப்பா. பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது, பூந்தமல்லி வழியாகப் போகிற வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார்.